அட்டைப்படத்துக்காகவே வாங்குகிறவர்கள்

[காட்சி: மேசையில் ஒரு கசற் பெட்டி]

வணக்கம். இந்தக் கசற் பெட்டியைப் பரந்தன் சந்திக்கு அருகே, வானொலி திருத்துகின்ற ஒரு கடையின் கண்ணாடி அலுமாரியில் கண்டேன். உள்ளே நாடா இல்லை என்று கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். படத்துக்காகத்தான் கேட்கிறேன் என்றதும், "தம்பி, படத்தை வைச்சு என்ன பாட்டுக் கேக்கப் போறீர்?" என்று சிரித்துவிட்டு 50 ரூபாய்க்குத் தந்தார்.

முருகன் பக்திப் பாடல்களுக்கான அட்டை இது. ஆனால் முருகனும் மயிலும் பின்னால் உள்ள மலையும் ஒரே நீலமாக இருப்பதைக் கவனியுங்கள். வண்ணப் படங்கள் பொதுவாக மஞ்சள், செந்நீலம், வெளிர்நீலம், கறுப்பு ஆகிய 4 மைகளால் அச்சாகின்றன. வெயில் தொடர்ந்து படும்போது மஞ்சளும் செந்நீலமும் முதலில் வெளிறிப்போக, வெளிர்நீலமும் கறுப்பும் மட்டும் எஞ்சுகின்றன. ஏ9 வீதியோரக் கடைகளில் ஆண்டுக்கணக்காகத் தொங்கும் விளம்பரங்கள் நீலம் பாரித்துத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

[காட்சி: மடிப்பு விரிகிறது]

இப்போது அட்டையை விரிக்கிறேன். முருகனின் பட்டாடையின் ஓரம் மடிப்பைத் தாண்டி உட்பக்கம் வரை செல்கிறது. வெயில் எட்டாத அந்த விரலகலத் துண்டில் பட்டு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. ஓவியர் எதைத் தீட்டினார் என்பதற்கு அந்தத் துண்டுதான் சாட்சி.

உள்ளடக்கத்தைப் பொருட்படுத்தாமல் அட்டைக்காக வாங்குவதைப் பலர் வீண் செலவு என்பார்கள். எனக்கு அது முழுமையாக உடன்பாடில்லை. புத்தகத்தின் மேலுறை தொடக்கத்தில் தூசி படாமல் காப்பதற்கான வெறுங்கடதாசியாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் கழற்றி எறிந்துவிட்டார்கள். இசைத்தட்டுகளும் வெற்றுப் பழுப்பு உறைகளிலேயே விற்கப்பட்டன. 1939இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்ரைன்வைஸ் என்ற இளைஞர்தான் ஒவ்வோர் இசைத்தொகுப்புக்கும் தனி ஓவியம் வேண்டும் என்று நிர்வாகத்தை இணங்கவைத்தார். 1948இல் வந்த நீள்இசைத்தட்டின் உறை ஏறக்குறைய 31 சென்ரிமீற்றர் சதுரம். சுவரில் மாட்டத்தக்க அளவு. 1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கசற்றின் முகப்போ 10 சென்ரிமீற்றர் உயரமும் ஆறரை சென்ரிமீற்றர் அகலமும்தான். அதாவது ஓவியருக்குக் கிடைத்த இடம் 14 மடங்குக்கும் மேல் சுருங்கிவிட்டது. இறுவட்டு வந்தபோது கொஞ்சம் இடம் திரும்பக் கிடைத்தது, அவ்வளவே.

வன்னியில் இந்தச் சிறிய இடத்துக்கு வேறொரு பெறுமதி இருந்தது. ஓவியக் காட்சிக்கூடத்தின் வாசலை மிதித்திராத வீடுகளுக்குள், நாட்காட்டிப் படத்துக்கு அடுத்தபடியாக, ஓர் ஓவியரின் கைவேலை நுழைந்தது புத்தக அட்டை வழியாகத்தான். ஈழத்து நூல்கள் பலவற்றுக்கு அட்டை வரைந்த ஓவியர் ரமணியின் பெயரை அப்படித்தான் நான் அறிந்தேன். தமிழ்நாட்டில் ஓவியர் ஆதிமூலம் நூல்களுக்கும் இதழ்களுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பார்த்தால், எழுத்தே ஓவியமாகிவிட்டது புரியும்.

பழைய அட்டை ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது தலைப்பெழுத்தைத்தான். ஒரே சொல்லில் இருமுறை வருகின்ற 'க' இரண்டும் அச்சொட்டாக ஒன்றுபோல் இல்லையென்றால், அது கையால் வரையப்பட்டது. அடுத்து நிறங்களின் ஓரம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுக்கட்டை செய்து, தாளைத் திரும்பத் திரும்ப அழுத்திய காலத்தில் ஒரு நிறம் மயிரிழை விலகினாலும் உருவத்தின் பக்கத்தில் வெள்ளைக் கோடு விழும். அந்தப் பிழைக்காகவே நான் வாங்கிய புத்தகங்களும் உண்டு. செலவைக் குறைக்க இரண்டே நிறத்தில் அச்சிட்டவர்கள் கடதாசியின் நிறத்தையே மூன்றாவது நிறமாக்கிக்கொண்ட கெட்டித்தனத்தை இன்றைய கணினி வடிவமைப்பில் நான் அரிதாகவே காண்கிறேன்.

ஏமாந்த கதையும் இருக்கிறது. குளக்கட்டில் நிற்கும் ஒற்றைப் பனையைத் திரையில் பார்த்து ஒரு கவிதைத் தொகுப்பை இணையத்தில் வாங்கினேன். வந்த புத்தகத்தில் பனை கட்டம் கட்டமாகச் சிதறியிருந்தது. யாரோ எடுத்த சிறிய ஒளிப்படத்தை இழுத்துப் பெருப்பித்திருக்கிறார்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது. படம் யாருடையது என்பது இல்லை. அன்று முதல், வாங்குவதற்கு முன்னர் 'அட்டை ஓவியம்' என்ற வரி அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

இடம்பெயர்வுகளின்போது தறப்பாளுக்கடியில் நனைந்து தப்பிய புத்தகங்களில் அட்டைதான் முதலில் போயிருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை மின்வருடும்போது அட்டைகளையும் சேர்த்தே வருடுவதால், கையிலுள்ள அட்டையில்லாப் பிரதிக்கு எந்த முகம் இருந்தது என்று பல வேளைகளில் கண்டுகொள்ள முடிகிறது. கறையானும் ஈரமும் மிஞ்சவிட்டதை வெயிலிலிருந்து காப்பது நம் வேலை.

[காட்சி: அலுமாரியின் உட்தட்டு]

யன்னல் வெளிச்சம் விழாத இந்தத் தட்டில்தான் கசற் பெட்டியை வைத்திருக்கிறேன். அட்டையைத் திருப்பி மடித்திருப்பதால், இப்போது கண்ணாடிக்கு வெளியே தெரிவது அந்தச் சிவப்புத் துண்டுதான்.