மாமூல் கணக்கை முதலில் எழுதுங்கள்

நண்பர்களே, வணக்கம்.

போலீஸ் ஊழலை வைத்துத் திரைக்கதை பண்ண உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது ஒரு கெட்ட அதிகாரியை. கறுப்புக் கண்ணாடி, மேஜை மேல் பணப்பெட்டி, உரத்த சிரிப்பு. அவரை ஓரமாக வைத்துவிட்டு, மாமூல் கணக்கை எழுதிப் பாருங்கள். வசூலிப்பது யார், எந்தத் தேதியில், எத்தனை பங்கு, மாற்றலாகி வந்தவருக்கு எப்போதிலிருந்து பங்கு? இந்த நான்கும் தெரிந்துவிட்டால் பாதிக் கதை கைக்கு வந்த மாதிரி.

நியூயார்க்கையே எடுத்துக்கொள்வோம். போலீஸ் ஊழலை விசாரிக்க 1970இல் மேயர் ஜான் லிண்ட்சே அமைத்த நாப் கமிஷன், 1972 டிசம்பரில் தன் அறிக்கையை முடித்தது. திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு அது ஒரு சுரங்கம். சூதாட்டத்தைப் பிடிக்க வேண்டிய மஃப்டி போலீசாருக்குச் சூதாட்டக்காரர்களிடமிருந்தே மாதாமாதம் மாமூல் வந்தது. மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் ஆளுக்கு 300, 400 டாலர். ஹார்லெமில் 1,500 வரை. புதிதாக வந்தவருக்கு முதல் இரண்டு மாதம் பங்கு கிடையாது. ஆள் எப்படி, நம்பலாமா என்று விசாரித்துக்கொள்ள அந்த அவகாசம். அவர் மாற்றலாகிப் போகும்போது அந்த இரண்டு மாதத் தொகையையும் கணக்குத் தீர்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். திருட்டுப் பணத்தில் இவ்வளவு ஒழுங்கு! என்னை உலுக்குவது இதுதான்.

அந்த இரண்டு மாதத்தை விட்டுவிடாதீர்கள். த்ரில்லருக்கு வேண்டிய காலக்கெடு அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் வாரம் எல்லோரும் தோளில் கை போடுகிறார்கள். இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு கவர் மேஜைக்கு வருகிறது. அறையில் பேச்சு நின்றுவிடுகிறது. யாரும் மிரட்டவில்லை, யாரும் கெட்டவனும் இல்லை. ஆனால் அதைத் தொடாமல் எழுந்துபோனால், இன்று ராத்திரி இவனோடு ரோந்துக்கு யார் வருவார்கள்? மனப்போராட்டம் அங்கே பிறக்கிறது. வசனமே வேண்டாம்; கவரையும் நான்கு முகங்களையும் காட்டினால் போதும்.

ஊழல்காரர்களை அந்த அறிக்கை இரண்டு வகையாகப் பிரித்தது. தேடிப் போய்ப் பறிப்பவர்கள் மாமிசம் தின்பவர்கள்; தானாக வருவதை வாங்கிக்கொள்பவர்கள் புல் மேய்பவர்கள். நோயின் வேர் இரண்டாவது கூட்டம்தான் என்றது கமிஷன். அவர்கள் எண்ணிக்கையில் அதிகம். அதனாலேயே வாங்குவது கௌரவமான காரியமாகிவிடுகிறது. நம் கதைகளில் புல் மேய்பவர்களுக்கு முகமே இருப்பதில்லை. மகள் படிப்புக்குப் பணம் கட்டுகிற, நாயகனுக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த ஏட்டாக ஒருவரை எழுதுங்கள். அவரைக் காட்டிக்கொடுக்கும்போதுதான் நாயகனுக்கு வலிக்கும், பார்ப்பவருக்கும் வலிக்கும்.

அடுத்த தவறு, புகார். நாயகன் மேலதிகாரியிடம் ஒரு காட்சியில் சொல்கிறான், அடுத்த காட்சியில் கைது நடக்கிறது. நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. ஃபிராங்க் செர்பிகோ என்ற நியூயார்க் போலீஸ்காரர் சக போலீசாரின் ஊழலை 1967இலேயே மேலிடத்தில் சொன்னார், ஒன்றும் நகரவில்லை. 1970 ஏப்ரல் 25 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தியாக வந்த பிறகே நகரம் அசைந்தது. மூன்று வருடக் காத்திருப்பைத் திரையில் காட்ட, அவன் ஏறி இறங்கும் ஒவ்வொரு கதவிலும் மறுப்புக்கு வேறு காரணம் எழுதுங்கள். ஒருவருக்குப் பயம், ஒருவருக்குப் பென்ஷன், ஒருவருக்குத் துறையின் பெயர். ஒரே மறுப்பு மூன்று முறை வந்தால் படம் அங்கேயே படுத்துவிடும்.

1971 பிப்ரவரி 3. புரூக்ளினில் போதைப்பொருள் சோதனை. ஸ்பானிஷ் தெரியும் என்பதால் கதவைத் திறக்க வைக்கும் வேலை செர்பிகோவுக்கு. திறந்த கதவில் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே சிக்கிக்கொள்கிறது. பின்னால் நிற்கும் சக போலீசார் தள்ளிக் கொடுக்கவில்லை. முகத்தில் குண்டு. உதவிக்கு அழைத்தது அந்தக் கட்டிடத்து முதியவர் ஒருவர் என்று பின்னாளில் செர்பிகோ சொன்னார். சதி நடந்ததா என்று தீர்ப்பெழுத வேண்டியதில்லை. ஒரு கதவு, அசையாத கைகள், அது போதும்.

1973இல் இயக்குநர் சிட்னி லூமெட் செர்பிகோவின் கதையைப் படமாக்கியபோது கடைசிக் காட்சிகளிலிருந்து பின்னோக்கிப் படப்பிடிப்பு நடத்தினார். செர்பிகோவாக நடித்த அல் பசினோ முடியும் தாடியும் நன்றாக வளர்த்து வந்தார். கதை பின்னே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்தார்கள். ஒட்டுத்தாடிச் சிக்கல் வரவில்லை. பல வருடக் கதை எடுக்கிறீர்கள் என்றால், படப்பிடிப்பு அட்டவணை போடும் முன்பே நாயகனின் தாடியைப் பற்றி முடிவெடுத்துவிடுங்கள்.