குத்து கையிலிருந்து மட்டும் வருவதில்லை

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளுக்கு இயன்முறை சிகிச்சை தருகிறேன். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என்று பல இடங்களிலிருந்தும் வருகிறார்கள். கையும் மார்பும் நன்றாகத் திரண்டிருக்கும். கழுத்தும் விலாப்பக்கமும் மட்டும் கவனிப்பாரற்று இருக்கும். இது எனக்குப் பெரிய வருத்தம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வலக்கையால் நேராக ஒரு குத்து விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தில் பிறந்த விசை இடுப்பைத் தாண்டி மேலே வர வேண்டும். வயிற்றின் இரு பக்கமும் சாய்வுத் தசைகள் இரண்டு அடுக்காக உள்ளன. பேன்ட் பாக்கெட்டில் கை விட்டால் விரல்கள் சரிந்து இறங்குமே, வெளி அடுக்கின் இழைகள் அப்படித்தான் இறங்கும். உள் அடுக்கு அதற்குக் குறுக்கே ஓடும். வலப்பக்க வெளி அடுக்கும் இடப்பக்க உள் அடுக்கும் சேர்ந்து சுருங்கினால் மார்பு இடப்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பம் இல்லையென்றால் கை மட்டும் போகும், உடம்பின் பலம் கூடவே போகாது.

அப்புறம், மேலிருந்து முதல் எட்டு அல்லது ஒன்பது விலா எலும்புகளில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் சேரும் செர்ரேட்டஸ் ஆன்டீரியர் என்ற தசை. தோள்பட்டையை முன்னால் இழுத்து, குத்துக்குக் கடைசி நீளத்தைக் கொடுப்பது இதுதான். பாக்சர் தசை என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. தண்டால் எடுத்து முழங்கையை நீட்டிய பிறகும் தரையை இன்னும் கொஞ்சம் தள்ளினால் இதற்கு நல்ல வேலை கிடைக்கும்.

குத்தும்போது 'உஸ்' என்று மூச்சு விடச் சொல்வார் வாத்தியார். அதில் அர்த்தம் இருக்கிறது. மூச்சை வெளியே தள்ளும்போது வயிற்றுத் தசைகள் இறுகும். தளர்ந்த மேல்வயிற்றில் அடி விழுந்தால் உதரவிதானம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சில நொடிகள் மூச்சே வராது.

இனி கழுத்து. தாடையில் ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, விழுந்தால் தலை சடாரென்று சுழலும், மண்டைக்குள் மூளையும் அந்த வேகத்தில் உலுக்கப்படும். நினைவு தப்புவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சுழற்சி. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு மேட்டிலிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் ஒரு தசை இறங்குகிறது. முகத்தை இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கக் கழுத்தில் புடைத்து நிற்கும், தொட்டுப் பாருங்கள். வலத் தசை முகத்தை இடப்பக்கமும், இடத் தசை வலப்பக்கமும் திருப்பும். பிடரியில் ட்ரப்பீசியஸும் அதன் அடியிலுள்ள தசைகளும் தலையைப் பின்னால் பிடிக்கின்றன. அடி வருமுன் இவையெல்லாம் இறுகியிருந்தால் தலை உடம்போடு சேர்ந்து நகரும், சுழற்சி குறையும். பார்க்காத அடி அதிகம் பாதிப்பதும் இதனால்தான், தசைகளுக்கு இறுக நேரமில்லை. பல்லைக் காக்க வாயில் வைக்கும் கம்ஷீல்டைக் கடித்தால் கன்னத்தின் மாசெட்டர் தசை தாடையையும் அசையாமல் பிடிக்கும்.

பயிற்சி எளிது. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி ஒன்றையொன்று தள்ளுங்கள். 5 நொடி போதும். பிறகு பிடரி, இரு பக்கம். தலையைத் தரையில் ஊன்றி உடம்பை வில்லாக வளைக்கும் பயிற்சியைச் சிறுவர்களுக்குத் தராதீர்கள் என்று வாத்தியார்களைக் கேட்டுக்கொள்கிறேன். கழுத்தெலும்புக்கு அது ஆபத்து. கை மரத்துப்போனால் உடனே நிறுத்த வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. கழுத்து எவ்வளவு பலமாக இருந்தாலும் தலையில் அடிபட்ட பிள்ளைக்கு வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம், விடாத தலைவலி இருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ரிங் பக்கம் விடாதீர்கள்.

வணக்கம்.