எழுப்பிவிட ஒரு கை வேண்டும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், கேட்க வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நோயிலும் துக்கத்திலும் யூத மரபு தரும் ஆறுதல் பெரிதும் எங்கிருந்து வருகிறது, பிரார்த்தனையிலிருந்தா, கூட வந்து உட்காரும் மனிதர்களிடமிருந்தா? இதுதானே தலைப்பு. நான் மனிதர்கள் பக்கம்.

எதிரணியில் முதலில் பேசியவர் வேதாகமத்தின் துதிப்பாடல்களில் ஒன்றான 23ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டார். ராத்திரி ரெண்டு மணிக்கு, காலையில் டாக்டர் என்ன சொல்லப்போகிறாரோ என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழித்துக் கிடப்பவருக்கு அந்த வரிகள்தான் துணை என்றார். உண்மை, நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்த வரிகளை மட்டும் கையில் கொடுத்துவிட்டு அவரைத் தனியாக விட்டுவிட அந்த மரபுக்கு மனசு வந்ததா என்பதுதான் என் கேள்வி.

யூத மத குருக்களான ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பழைய நூல் தல்மூது, அதில் ஒரு சம்பவம் வருகிறது. ரபி யோகானான் சாதாரண ஆள் இல்லை, பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், பத்தாவது பிள்ளையின் எலும்பைக் கூடவே வைத்திருந்தவர். அவர் நோயில் கிடக்கும் ரபி ஹிய்யாவைப் பார்க்கப் போகிறார். "இந்த வேதனை உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்கிறார். "வேதனையும் வேண்டாம், அதற்குக் கிடைக்கும் பலனும் வேண்டாம்" என்கிறார் அவர். எவ்வளவு பச்சையான பதில் பாருங்கள்! அதற்கு யோகானான் அறிவுரை சொல்லவில்லை, விதி என்று சொல்லவில்லை. "கையைக் கொடு" என்றார், கொடுத்தார், எழுப்பிவிட்டார். அப்புறம் அதே யோகானான் நோயில் விழுகிறார், ரபி ஹனினா வந்து அதே கேள்வியைக் கேட்டு அதே மாதிரி கை கொடுத்து எழுப்புகிறார். இங்கே தல்மூதே நிறுத்திக் கேட்கிறது: மற்றவரை எழுப்பியவருக்குத் தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளத் தெரியாதா? பதில், கைதியால் தன்னைத்தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது. சங்கீதம் அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கக்கூடிய மனிதருக்கே இந்த நிலைமை என்றால் நாமெல்லாம் எந்த மூலைக்கு!

நோயாளியைப் பார்க்கப் போகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்றும் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. உடனே ஒருவர் மடக்குகிறார், அப்படியானால் அறுபது பேர் போனால் நோயே போய்விடுமே என்று. இல்லை, ஒவ்வொருவரும் மிச்சம் இருப்பதில்தான் அறுபதில் ஒரு பங்கு எடுக்கிறார், அதனால் முழுசாகத் தீராது என்று பதில் வருகிறது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் குணமாகிவிடும் என்று அது பொய் வாக்குக் கொடுக்கவில்லை, கொஞ்சம் குறையும் என்கிறது, நோயில் கிடந்து எழுந்த யாரைக் கேட்டாலும் அது சரிதான் என்பார்கள்.

அடுத்துப் பேசியவர் மோசேயைக் கொண்டுவந்தார். தன் அக்கா மிரியாமுக்குத் தொழுநோய் வந்தபோது எபிரேயத்தில் ஐந்தே சொல்லில் ஜெபித்தாரே, அது போதவில்லையா என்றார். வேதாகமத்தில் எண்ணாகமம் என்ற புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தில் இன்னும் ரெண்டு வசனம் தள்ளிப் படியுங்கள் ஐயா. மிரியாம் ஏழு நாள் பாளையத்துக்கு, அதாவது ஜனங்கள் தங்கியிருந்த முகாமுக்கு, வெளியே இருக்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு நாளும், அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்வரை, ஜனங்கள் பயணப்படவில்லை. பாலைவனத்தில், போய்ச் சேரவேண்டிய இடம் இன்னும் கண்ணுக்கே தெரியாத ஒரு கூட்டம், நோயில் விழுந்த ஒரு பெண்ணுக்காக நின்றது.

துக்க வீட்டுக்கு வருவோம். ஷிவா என்பார்கள், ஏழு என்று அர்த்தம். ஏழு நாள் துக்கக்காரர் வீட்டிலேயே தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருப்பார், கிழித்த சட்டையோடு, கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருப்பார்கள். கதவு பூட்டியிருக்காது, வருகிறவர்கள் மணி அடிக்காமலே உள்ளே வரலாம், எழுந்து வந்து வரவேற்க வேண்டிய வேலைகூட அவருக்குக் கிடையாது. அடக்கம் முடிந்ததும் முதல் சாப்பாடு அவர் வீட்டுச் சாப்பாடாக இருக்கக் கூடாது, அடுத்தவர்தான் கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் அவித்த முட்டை, பருப்பு. மற்ற பயறுகளில் வாய் மாதிரி ஒரு பிளவு இருக்கும், இந்தப் பருப்பில் அது இல்லை, துக்கத்தில் இருப்பவருக்கும் வாய் இல்லை என்பது பழைய விளக்கம். வந்து உட்காருகிறவர், துக்கக்காரர் வாய் திறக்கும்வரை பேசக் கூடாது. இதை, வேதாகமத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து வேதனையில் கிடந்த யோபின் நண்பர்களிடமிருந்து எடுத்தார்கள். ஏழு நாள் அவரோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள்தான்! வாயைத் திறந்து கடவுளைப் பற்றி விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள், கடைசியில் அந்தக் கடவுளிடமே திட்டு வாங்கினார்கள்.

இறந்தவருக்காகத் துக்கக்காரர் சொல்லும் கதீஷ் பிரார்த்தனைதானே என்று எதிரணி கேட்கும். ஆமாம், பிரார்த்தனைதான். ஆனால் அதில் மரணம் என்ற சொல்லே வராது, செத்துப்போனவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, முழுக்கக் கடவுளின் புகழ். வார்த்தைதான் ஆறுதல் என்றால் அந்த வார்த்தையில் ஆறுதல் எங்கே? அதைத் தனியாகச் சொல்லவும் முடியாது, பத்துப் பேர் வேண்டும். அப்பாவோ அம்மாவோ போனால் பதினொரு மாதம், தினமும், படுக்கையை விட்டு எழவே பிடிக்காத அந்த ஆள் முகம் கழுவிக்கொண்டு அந்தப் பத்துப் பேரிடம் போக வேண்டும், அவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். 2020இல் கொரோனா வந்து ஜெப ஆலயங்களை மூடியபோது, அவரவர் பால்கனியில் நின்றுகொண்டு எதிர்வீட்டுக்காரருக்கு ஆமென் சொன்னார்கள். அந்தப் பயத்திலும் அந்தப் பத்துப் பேரை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை.

ஏழாம் நாள் காலையில் ஷிவா முடியும். வந்திருப்பவர்கள் அவரை எழுந்திருக்கச் சொல்வார்கள். ஒரு வாரமாக வாசல் தாண்டாதவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருவார், வெயில் கண்ணைக் கூசும், தெருவை ஒரு சுற்று நடந்துவிட்டு வீடு திரும்புவார். அந்த ஒரு சுற்றுக்கும் பக்கத்தில் யாராவது கூடவே நடப்பார்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.