தேர்வு நெருங்கும் வேளையில் மென்பொருள் எதற்கு?

அன்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே,

மேடையேறுமுன் உங்களுள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே சொன்னீர்கள்: "மென்பொருள் நல்லதுதான், ஆனால் பாடத்தை முடிக்கவே நாள் போதவில்லை." இதைச் சாக்குப்போக்கு என்று தள்ள நான் வரவில்லை. தேர்ச்சி விகிதம் சரிந்தால் விளக்கம் எழுதித் தர வேண்டியவர் வகுப்பாசிரியரே தவிர, மென்பொருளை விற்றவர் அல்லர்.

நானும் சூடு கண்டவன்தான். கணிதம் கற்பித்த காலத்தில் முதன்முறையாக மாணவர்களைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்றபோது, மறந்துபோன கடவுச்சொற்களுக்கும் திறக்க மறுத்த கணினிகளுக்குமே பாடவேளையின் பெரும்பகுதி செலவாயிற்று. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் கோடுகளின் நிறத்தை மாற்றி விளையாடினார்கள். அன்று கணினியைத்தான் குறை சொன்னேன். எந்தக் கேள்விக்கு விடை தேடி அந்த அறைக்குப் போகிறோம் என்பதை நானே முடிவு செய்திருக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இருபடிச் சமன்பாட்டின் மூலங்களின் தன்மையை எடுத்துக்கொள்வோம். சமன்பாட்டின் கெழுக்களைக் கொண்டு கணக்கிடும் தன்மைகாட்டி (b² − 4ac) மிகை எண்ணாக இருந்தால் இரு வெவ்வேறு மெய் மூலங்கள், சுழியமானால் சம மூலங்கள், குறை எண்ணானால் மெய் மூலங்கள் இல்லை என்று மாணவர் தடையின்றி ஒப்பிக்கிறார். ஆனால் வினாவின் சொல்லமைப்பைச் சற்றே மாற்றிவிட்டால், எது எதற்கு என்று தடுமாறி மதிப்பெண்ணை இழக்கிறார். இதே பாடத்தை ஜியோஜீப்ராவில் காட்டலாம். 2001-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்டர் தொடங்கிய அந்த மென்பொருளை வகுப்பறைக்குக் கட்டணமின்றியே பயன்படுத்த முடியும். மேல்நோக்கித் திறந்த பரவளையம் ஒன்றை வரைந்து, மாறிலி உறுப்பை ஸ்லைடரால் மெல்ல உயர்த்துங்கள். வளைவு முழுவதும் மேலே எழும். கிடை அச்சை வெட்டிய இரு புள்ளிகளும், அதாவது இரு மூலங்களும், ஒன்றையொன்று நெருங்கி, ஒரு கணம் ஒன்றாகி, பின் காணாமற்போகும். மூன்று விதிகளாக மனனம் செய்யப்பட்டவை ஒரே அசைவின் மூன்று நிலைகள் என்று மாணவர் கண்ணால் காண்கிறார். இதற்குக் கணினி அறை வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு திரை இருந்தால் போதும்.

ஆனால் ஸ்லைடரைத் தொடுவதற்கு முன், "இப்போது என்ன ஆகும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் தம் விடையைக் குறிப்பேட்டில் எழுதவைத்துவிட வேண்டும். எழுதாத மாணவருக்கு அது வேடிக்கைப் படமாகவே முடியும். எழுதியவரோ தம் கணிப்பு பொய்த்த இடத்தில் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்வியைத் தொடங்கிவைக்க எந்த நிரலாலும் ஆகாது. அது உங்கள் வேலை. 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கிய, அறிவியல் சோதனைகளைக் கணினித் திரையிலேயே செய்துபார்க்க உதவும் ஃபெட் திட்டத்தின் மின்சுற்று உருவகத்துக்கும் இது பொருந்தும்.

அடுத்து, தேர்வுக்கே நேராக உதவும் ஒன்றைச் சொல்கிறேன். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுள் சிலர் ஓர் உரைநடைப் பகுதியைத் திரும்பப் படித்தார்கள். வேறு சிலர் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். நம் தேர்வுகள் ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை. நினைவுகூரும் சிறு சோதனைகளைக் கையால் நடத்தினால், ஒரு கட்டுத் தாளைத் திருத்தி மறுநாள் திருப்பித் தருவதற்குள் மாணவர் தாம் ஏன் அப்படி எழுதினோம் என்பதையே மறந்திருப்பார். மென்பொருளில் விடை அக்கணமே கிடைக்கிறது. வகுப்பில் பாதிப்பேர் ஒரே தவற்றைச் செய்திருந்தால் அதுவும் உங்கள் திரையில் தெரிந்துவிடுகிறது. திருத்துவதில் மிச்சப்படும் நேரத்தை அந்த ஒரு தவற்றுக்குக் கொடுக்கலாம்.

எல்லா மென்பொருளுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. நான்கு விடைகளுள் ஒன்றைத் தொட்டுத் தொட்டு நட்சத்திரம் சேர்க்கும் செயலிகளில், பிள்ளைகள் கணக்கைவிட ஊகிக்கும் கலையையே விரைவில் கற்கிறார்கள். தவறான விடைக்குச் சிவப்புக் குறி மட்டும் காட்டி, காரணத்தைத் தேடத் தூண்டாததை வாங்காதீர்கள்; இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஆண்டு முழுவதற்கும் திட்டம் தீட்ட வேண்டாம். சென்ற தேர்வின் விடைத்தாள்களை எடுத்து, உங்கள் மாணவர்கள் மிகுதியாக மதிப்பெண் இழந்த பாடம் எது என்று பாருங்கள். அந்த ஒரு பாடத்திற்கு, ஒரு பாடவேளையின் முதல் பத்து நிமிடங்களில் மட்டும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அடுத்த சிறுதேர்வில் அதே தவறு குறைகிறதா என்று கவனித்துவிட்டு, அதன்பின் இரண்டாவது பாடத்தைப் பற்றி முடிவெடுக்கலாம்.

இப்போது திரையைப் பாருங்கள். அதே பரவளையம்தான். இம்முறை மாறிலியை விட்டுவிட்டு, இருபடி உறுப்பின் கெழுவை மெல்லக் குறைத்துச் சுழியத்திற்குக் கொண்டுவரப் போகிறேன். அப்போது இந்த இரு மூலங்களும் எங்கே போகும்? நான் ஸ்லைடரைத் தொடுமுன் உங்கள் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.