கண்ணில் விழுந்த தூசி

நேயர்களுக்கு வணக்கம். நான் படித்தது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில். எங்கள் மாணவர் பத்திரிகையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதிப் பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசி, பஸ் போர்டை மலையாளத்தில் படித்து வளர்ந்தவர்கள். எட்டுப் பக்க மாத இதழ் அது. மூன்று ஆண்டுகள் அதன் படங்களுக்கு நான் பொறுப்பு. படம் எடுப்பவர்கள் வேறு. எடுத்து வந்ததில் எது அச்சேறலாம், எது கூடாது என்று பார்ப்பது என் வேலை.

2017 பிப்ரவரி, கேரளம் முழுக்க வறட்சி. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டு வழியாக எங்கள் பக்கம் வர வேண்டும். அப்பாக்கள் பேசிப் பேசி எங்களுக்கெல்லாம் அந்த எண் மனப்பாடம். லாரித் தண்ணீர் பிடிக்கிற தெருவுக்கு ஒரு தம்பி கேமராவோடு போய், 340 படங்களோடு வந்தான். அதில் ஒன்றைக் காட்டும்போது அவன் கை நடுங்கியது. காலிக் குடத்தோடு ஒரு பாட்டி, முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். முதல் பக்கத்துக்கு இதுதான் என்றான்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு படத்தைத் தேர்வதற்கு முன்னால் அதற்கு முந்தையதையும் பிந்தையதையும் பார்த்துவிடுவது என் பழக்கம். முந்தைய படத்தில் லாரி புழுதி கிளப்பிக்கொண்டு திரும்புகிறது. அடுத்த படத்தில் பாட்டி பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்களுக்குத் தெரியாததா? கண்ணில் தூசி, அவ்வளவுதான். தண்ணீர்க் கஷ்டம் உண்மை, அந்த அழுகை உண்மை இல்லை. அதைப் போட்டிருந்தால் பொய்யாக ஒரு வரிகூட எழுதாமலே பொய் சொல்லியிருப்போம். தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நாங்கள் போட்டது, ஆளே இல்லாமல் தெரு நெடுக வரிசையில் நின்ற பிளாஸ்டிக் குடங்களை. அதில் ஒரு குடத்தின் கழுத்தில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. இன்றும் எனக்குப் பிடித்த படம் அது.

அச்சு விஷயமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். திரையில் தெளிவாகத் தெரிகிற கருத்த முகம் தாளில் வெறும் நிழலாகிவிடும். வெயிலில் வேலை செய்கிற எங்கள் ஊர் முகங்களுக்கு அது பெரிய அநியாயம். அதனால் நடுத்தர நிழல்களை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்குவேன். அதற்கு மேல் கை வைக்க மாட்டேன். குறுக்கே தெரிகிற மின்கம்பி இருந்தபடியே இருக்கும். அப்புறம், வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை வாங்க மாட்டேன். 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு, அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் ஏறக்குறைய 1,200 புள்ளிகள் வேண்டும்.

படக்குறிப்பில் ஒருமுறை தவறினேன். அக்கா, தங்கை இருவரும் பரிசு வாங்கிய படத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டேன். 'எங்க வீட்டுக்கு வந்த முதல் பேப்பர் போட்டோ, அதுல பேரு மாறிப் போச்சே' என்று அவர்களுடைய அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த இதழில் அதே படத்தை, அதே அளவில், சரியான பெயர்களோடு மறுபடி போட்டோம். திருத்தம் என்று மூலையில் ஒரு வரி போட்டிருந்தால் அந்த அம்மாவுக்குப் போதாது.

2018 ஆகஸ்டில் மலம்புழா அணையைத் திறந்துவிட்டார்கள், கல்பாத்திப் புழை கரை மீறியது. ஒரு மாணவன் போனில், 'அண்ணா, பாலத்துக்குப் பக்கத்துல நிக்கிறேன், தண்ணி சூப்பரா தெரியுது' என்றான். எனக்கு உடனே விக்டர் ஜார்ஜ் நினைவுதான் வந்தது. மழையை அவ்வளவு அழகாக எடுத்த மலையாள மனோரமா புகைப்படக்காரர். 2001 ஜூலையில் இடுக்கி மலைச்சரிவில் மழையைப் படமெடுக்கப் போனவர் மண்சரிவில் இறந்துபோனார். 'முதல்ல மேட்டுக்கு வா, அப்புறம் பேசு' என்றேன். வந்தான்.

அந்த மாத இதழில் வெள்ளப் படம் இல்லை. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் அதே பையன் எடுத்து வந்ததைப் போட்டோம். மொட்டை மாடியில் பழைய புடவையை விரித்து, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்து, ரேஷன் கார்டையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் யாரோ வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். பெயரும் எண்ணும் தெரியாத தூரத்தில் நின்று எடுத்திருந்தான். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.