உள்ளங்கை மஞ்சள்: காமாலையா, கேரட்டா?

[திரை: ஜன்னலோரம், குழந்தையின் உள்ளங்கை, பக்கத்தில் அம்மாவின் உள்ளங்கை]

பத்து மாசக் குழந்தை. நல்லா சாப்பிடுது, தவழுது, சிரிக்குது. ஆனா உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு ஓரம் மட்டும் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டின மாதிரி இருக்கு. "காமாலையோ"ன்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும், சாயங்காலத்துக்குள்ள கீழாநெல்லி அரைச்சிடுவாங்க. அதுக்கு முன்னாடி கண்ணைப் பாருங்க.

[திரை: பொம்மையைக் கீழே பார்க்கும் குழந்தை, அம்மா மேல் இமையைத் தூக்குகிறார்]

பல்பு வெளிச்சத்துல வேண்டாம். பகல்ல, ஜன்னல் பக்கம். மஞ்சள் சட்டை போட்டிருந்தா கழட்டிடுங்க, அந்த நிறம் முகத்துல அடிக்கும். பொம்மையைக் கீழே காட்டுங்க. குழந்தை குனிஞ்சு பார்க்கும்போது மேல் இமையை மெல்லத் தூக்கினா வெள்ளைவிழி முழுசாத் தெரியும். செல்போன் போட்டோவை நம்பாதீங்க, கேமரா தானாவே நிறத்தை மாத்தும்.

காமாலைன்னா ரத்தத்துல பிலிருபின்கிற மஞ்சள் நிறமி ஏறியிருக்கும். அது வெள்ளைவிழியில சீக்கிரமே படியும். கேரட்டுக்கு நிறம் கொடுக்கிற பீட்டா கரோட்டின் அங்க படியாது. அது வியர்வையில கசிஞ்சு, தோலோட மேலடுக்குல தங்கும். அந்த அடுக்கு ரொம்பத் தடிமனா இருக்கிறது உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும்தான்.

[திரை: கேரட், பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம், கீரை]

இப்ப கடந்த ஒரு மாசச் சாப்பாட்டை யோசிங்க. தினமும் கேரட் கூழ், நடுவுல பரங்கிக்காய், பப்பாளியா? கீரையையும் கணக்குல சேருங்க. அதுலயும் கரோட்டின் உண்டு, பச்சை நிறம் மறைச்சிடுது. பச்சைக் கேரட்டைக் கடிச்சுத் தின்னா கரோட்டின்ல பெரும்பங்கு நாருக்குள்ளயே சிக்கி வெளியே போயிடும். வேகவெச்சு, மசிச்சு, ஒரு ஸ்பூன் நெய்யும் விட்டா நல்லா உறிஞ்சப்படும். நாம குழந்தைக்குச் செய்யறது சரியா அதேதான்!

வைட்டமின் ஏ அதிகமாகி விஷமாகிடுமோன்னு பயம் வேண்டாம். உடம்பு தனக்குத் தேவையான அளவு கரோட்டினை மட்டும்தான் வைட்டமினா மாத்தும். அந்த ஆபத்து சொட்டு மருந்தையோ மாத்திரையையோ அளவு மீறிக் கொடுக்கிறதுலதான்.

[திரை: சுரைக்காய், பீர்க்கங்காய், உருளைக்கிழங்கு, வாழைப்பழம்]

கேரட்டை அடியோட நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். மத்த நாள்ல சுரைக்காய், பீர்க்கங்காய், உருளைக்கிழங்கு, வாழைப்பழம். மஞ்சள் உடனே போகாது, தேய்ச்சுக் குளிப்பாட்டினாலும் போகாது. சில வாரத்துல இருந்து சில மாசம் வரைக்கும் ஆகும். அவசரப்பட்டு மூணாவது நாளே "குறையலையே"ன்னு பதற்றப்படறதுதான் வழக்கமா நடக்குது.

[திரை: சிவப்புப் பின்னணி]

இனி சொல்றது வேற கதை. வெள்ளைவிழி மஞ்சள், டீத்தண்ணி மாதிரி கருத்த சிறுநீர், சுண்ணாம்பு மாதிரி வெளுத்த மலம், குழந்தை சோர்ந்து பால் குடிக்காம இருக்கிறது: இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும். பால் மட்டும் குடிக்கிற குழந்தை மஞ்சளானா கேரட்தான் காரணம்னு நினைச்சுடாதீங்க, அதையும் தள்ளிப்போடக் கூடாது. கேரட், பரங்கி எதுவும் அதிகம் கொடுக்காமலே உள்ளங்கை மஞ்சளாச்சுன்னா, கூடவே மலச்சிக்கலும் வளர்ச்சிக் குறைவும் இருந்தா, தைராய்டு பரிசோதனை தேவையான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. போகும்போது ஒரு வாரம் குழந்தைக்கு என்னென்ன கொடுத்தீங்கன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. சில சமயம் ரத்தப் பரிசோதனையே தேவைப்படாது.