மூணரை டன் இழுக்கும், ஆனா உள்ள யார் உக்காருறது?

வணக்கம் மக்களே! மெல்பர்ன்ல செம குளிர், அதனால சட்டுனு விஷயத்துக்கு வந்துடுறேன். பின்னாடி நிக்கிறது பழைய மாடல் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப், 3.2 லிட்டர் டீசல், டபுள் கேப், அதாவது ரெண்டு வரிசை சீட். கேரவன், அதாவது வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சக்கர வீடு, வாங்கணும்னு நினைக்கிறவங்க எல்லாம் கேக்குறது ஒண்ணுதான்: "ப்ரோ, இது 3500 கிலோ இழுக்கும்ல?"

இழுக்கும். ஆனா ஜிசிஎம்னு இன்னொரு நம்பர் இருக்கு. வண்டி, கேரவன், ஆளு, சாமான் எல்லாம் சேர்த்து இதுக்கு மேல போகக் கூடாதுங்கிற எடை. இந்த ரேஞ்சருக்கு 6000 கிலோ. கேரவனுக்கே 3500 போயிடுச்சுன்னா மிச்சம் 2500. காலி வண்டியே சுமார் 2200 வரும். கையில நிக்கிறது 300 கிலோ! அதுக்குள்ளதான் நீங்க, வீட்டுக்காரம்மா, பசங்க, முன்னாடி மாட்டுன இரும்புத் தடுப்பு (புல் பார்), பின்னாடி ஃப்ரிட்ஜ், அரிசி மூட்டை எல்லாம். விளம்பரத்துல 3500ஐ மட்டும் கொட்டை எழுத்துல போடுவாங்க, இந்த 300 பத்தி மூச்சு விட மாட்டாங்க.

இருங்க, கேமராவைக் கீழ இறக்குறேன். இந்த உருண்டைதான் டோ பால். கேரவன் எடையில ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு இது மேல உக்காரணும். அந்த எடை வண்டியோட ஜிவிஎம், அதாவது வண்டி மட்டும் சாமானோட சேர்ந்து தாண்டக் கூடாத எடை, அந்தக் கணக்குலயும் சேரும். அதுக்காக சாமானை எல்லாம் கேரவனோட பின்கோடிக்குத் தள்ளிடாதீங்க. பால் மேல எடை குறைஞ்சா, ஹைவேல பெரிய லாரி ஒண்ணு உரசிக்கிட்டுப் போனாலே கேரவன் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சிடும். அப்ப பதறிப்போய் பிரேக்கை மிதிக்கவே கூடாது. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க, ஸ்டியரிங்கை நேரா பிடிங்க, டேஷ்ல இருக்குற கன்ட்ரோலர்ல கேரவன் பிரேக்கை மட்டும் இதமா போடுங்க.

குப்பை அள்ளுற சின்ன டிரெய்லர்னா 750 கிலோ வரைக்கும் பிரேக்கே வேண்டாம். 2000 தாண்டுனா எல்லா சக்கரத்துக்கும் பிரேக் இருக்கணும், கழண்டு ஓடுனா தானா பிடிக்கிற பிரேக்கும் கட்டாயம்.

கேரவன் தகட்டுல இருக்குற காலி எடையை அப்படியே எடுத்துக்காதீங்க. 95 லிட்டர் தண்ணி டேங்க் ரெண்டை ரொப்புனாலே 190 கிலோ ஏறிடும். டூருக்குப் போற மாதிரியே எல்லாத்தையும் ஏத்திட்டு, குடும்பத்தையும் உக்கார வச்சு, ஒரு எடை மேடையில ஏத்திப் பாருங்க. முதல்ல மொத்தமா, அப்புறம் கேரவனைக் கழட்டித் தனியா. ரசீதைப் பத்திரமா வண்டியிலயே வைங்க.